ஜானகி பக்கம் சாய்ந்த நாற்றுகள்

தொம்மலூரில் ஹரிஷ்குமார் வளர்த்த மிளகாய் நாற்றுகள் ஜன்னல் பக்கம் சாயவில்லை. அவன் அக்கா ஜானகி எந்தப் பக்கம் இருந்தாளோ அந்தப் பக்கம் சாய்ந்தன. அவள் கட்டிலில் படுத்தால் கட்டிலைப் பார்த்தன. குளியலறைக்குப் போனால் அந்தக் கதவைப் பார்த்தன. அவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு மேம்பாலத்தின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு சாயங்காலம் வரை அப்படியே நின்றன. அவள் பஸ் ஏறியதும் மெல்ல வாசல் பக்கம் திரும்பத் தொடங்கும். திரும்புவது பாதியில் நின்றுவிட்டால் பஸ் சிக்னலில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஹரிஷ் அதைப் பார்த்துத்தான் குக்கரை வைப்பான். வீட்டுக்காரம்மா காந்தா ஒரு நாள் மாடியேறி வந்தபோது இதைக் கவனித்தார். "ஏனப்பா இது, உங்கக்கா போற பக்கமெல்லாம் முண்டியடிச்சிக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அக்காவும் தம்பியும் குடியாத்தத்துக்காரர்கள். அப்பா இறந்த வருஷம் ஜானகி பெங்களூருக்கு வந்து ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள், கன்னடம் கற்றுக்கொண்டாள், தம்பியைக் கல்லூரியில் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்ததும் அவனையும் கூட்டி வந்து, ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையில் உட்கார வைத்தாள். சொக்கநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. காந்தாம்மா தன் வீட்டில் கேஸ் சிலிண்டர் ஏற்ற விடமாட்டார். சமையலெல்லாம் கரண்ட் அடுப்பில்தான். அப்படியிருந்தும் ஹரிஷ் பாதி மாடி இறங்கியபின் கேஸை மூடினோமா என்று திரும்ப ஏறிப் பார்க்கிறவன். ஜானகி போன் எடுக்கத் தாமதமானால் அவன் மனசுக்குள் ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். "நான் செத்தா மொதல்ல உனக்குத்தான்டா போன் பண்ணிச் சொல்லுவேன், பயப்படாத" என்று அவள் கிண்டல் பண்ணுவாள்.

ஜானகி டீம் லீடர் ஆனபோது, ஆள் எடுக்கும் விளம்பரத்துக்குக் கம்பெனிக்காரர்கள் அவள் படத்தையே போட்டார்கள். காதில் ஹெட்செட் மாட்டிச் சிரிக்கிற ஜானகி பஸ் ஸ்டாப்பின் மேல் ஆள் உயரத்துக்கு நின்றாள். மேம்பாலத்தில் நெரிசலில் நின்றவர்களுக்கு வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். படம் ஏறிய வாரத்திலேயே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, திரும்ப வந்தது. சோறு இறங்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கினாள். அம்மா கோமளம் குடியாத்தத்திலிருந்து போனில் கத்தினாள்.

"போறவன் வர்றவன் எல்லாம் அண்ணாந்து அண்ணாந்து பாக்கறான். உடம்பு சும்மா இருக்குமாடா? கல்லுப்பும் காஞ்ச மொளகாயும் எடுத்துச் சுத்திப் போடு."

"அக்கா சிரிக்கும்மா."

"தூங்கறப்ப சுத்து. யாரு கேக்கப் போறா."

தூங்கும் அக்காவை மூன்று சுற்றுச் சுற்றி, அம்மா போனில் சொல்லச் சொல்ல ஊர்க்கண், உறவுக்கண், பார்த்த கண், பார்க்காத கண் எல்லாவற்றையும் முணுமுணுத்துத் துப்பியும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மிளகாயைப் போடுவதற்கு நெருப்பு இல்லை என்பது ஹரிஷுக்கு உறைத்தது. கரண்ட் அடுப்பு பாத்திரம் வைத்தால்தான் சூடாகும். தெருமுனை இஸ்திரிக்காரர் கரிப் பெட்டியை விட்டு சிலிண்டருக்கு மாறி ரொம்ப நாளாகியிருந்தது. கபாப் கடையில் கரி இருந்தது. ஆனால் கடைக்காரர், "மிர்ச்சி போட்டா கஸ்டமர் எல்லாம் இருமிக்கிட்டே ஓடிருவான் தம்பி, பேடா, வேணாம்" என்று அடுப்பின் குறுக்கே நின்றுகொண்டார். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்கிற அம்மாவின் மகனுக்குத் தொம்மலூர் முழுக்கச் சுற்றியும் திறந்த நெருப்பு ஒன்று கிடைக்கவில்லை. மிளகாயை ஒரு பேப்பர் கப்பில் போட்டு ஜன்னலோரம் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் காகிதம் கொளுத்திப் போட்டுவிடலாம் என்று இருந்தான்.

அந்த ஞாயிறு வருவதற்குள் ஜானகியின் ஆபீசில் எல்லாருக்கும் செடி வளர்க்கும் பெட்டி கொடுத்தார்கள்; ஜானகியுடையதை வீட்டுக்கே அனுப்பினார்கள். குழி குழியான பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் ஊற்றினால் உப்பி எழும் தேங்காய் நார் வில்லைகள், ஒரு சின்ன விளக்கு, துளசி மாதிரி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கீரை விதை. ஹரிஷ் வேலை முடிந்து வந்தபோது ஜானகி பல நாளைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து, கைவிரலெல்லாம் நார் ஒட்டியிருக்க, வில்லைகளில் விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கீரைய யார்ரா தின்றது. நீ கப்புல மொளகா எடுத்து வெச்சிருந்தியே, அதையே ஒடச்சிப் போட்டுட்டேன். விதைக்குத்தானே வெச்ச?"

அவன் காலிக் கப்பை எடுத்துக் குப்பையில் போட்டான். சுற்றிப் போட்ட மிளகாய் என்றால் சிரிப்பாள். அதை அவள் கையாலேயே தொட்டு ஊன்றிவிட்டாள் என்றால் அம்மா அழுவாள். நெருப்பில் போனால் என்ன, மண்ணில் போனால் என்ன, போனது போனதுதான் என்று சமாதானம் செய்துகொண்டான். மண்கூட அல்ல, தேங்காய் நார்.

விதைகள் எல்லாம் ஒன்று விடாமல் முளைத்தன. ஜானகி நிதானம் இல்லாமல் ஒவ்வொரு குழியிலும் நாலைந்து போட்டிருந்தாள். தட்டைப் பாலித்தீனால் மூடி, ஃப்ரிட்ஜின் மேல் லேசான சூட்டில் வைத்திருந்தார்கள். முளை தெரிந்ததும் மேஜையில் விளக்குக்குக் கீழே மாற்றினார்கள். முளைத்த அன்றே காய்ச்சல் விட்டது. நாற்றுகள் அவள் பக்கம் சாய ஆரம்பித்ததும் அன்றுதான். ஹரிஷ் தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தான். டீ குடித்து முடிப்பதற்குள் அவை பழையபடி திரும்பியிருந்தன. காந்தாம்மாவைப் போலவே, கீழ் வீட்டு மெர்சியும் பார்த்துவிட்டு ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை. மெர்சி கோலார் தங்கவயலில் பிறந்தவள், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. "எங்க கோல்டு ஃபீல்ட்ல பூமிக்கடியில கேக்காத சத்தமா? இது செடிதானே, சாஞ்சிட்டுப் போகுது" என்றாள்.

பிரச்சினை ஹரிஷின் பயத்தில்தான் ஆரம்பித்தது. நாற்று வாடிவிடுமோ என்று காலையில் ஊற்றினான், மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து ஊற்றினான், சாயங்காலமும் ஊற்றினான். டேங்கர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் பூக்கிறது என்று குடிக்கிற கேன் தண்ணீரை அவற்றுக்கு ஊற்றிவிட்டு, டேங்கர் தண்ணீரைக் காய்ச்சித் தான் குடித்தான். ஈரம் காய வழியில்லாமல், ஓரக் குழியில் ஒரு நாற்று அடித்தண்டு நூலாக இளைத்து அப்படியே மடங்கி விழுந்தது. நாற்றழுகல் என்பார்கள், வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு வழக்கமாக வருவது. அன்று மத்தியானத்திலிருந்து ஜானகிக்கு வாசனை தெரியவில்லை. சளியாக இருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள். அடுத்த நாற்று விழுந்தபோது இடது உள்ளங்கையில் சூடு குளிர் தெரியாமல் போனது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள், ஹரிஷ்தான் தட்டிவிட்டான். மூன்றாவது விழுந்த காலை, வேலையில் ஒரு வாடிக்கையாளர் கன்னடத்தில் பேசியபோது ஜானகிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இத்தனை வருஷக் கன்னடம், அவள் சண்டை போட்ட கன்னடம், ஆட்டோக்காரர்களையே வாயடைக்க வைத்த கன்னடம், வேர்க்கடலை அளவுகூட மிஞ்சவில்லை. கம்பெனிக்காரர்கள் அவளைத் தமிழ் அழைப்புகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி, டீமை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்த படத்தையும் இறக்கிவிட்டார்கள்.

தலை ஸ்கேன் எடுத்தார்கள், மெர்சி ஏற்பாட்டில் எல்லா ரத்தப் பரிசோதனையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, சத்து மாத்திரை சாப்பிடட்டும் என்றார் டாக்டர். அதற்குள் விழுந்த நாற்றையும் போன பொருளையும் ஹரிஷ் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டிருந்தான். ஒரு சாயங்காலம் கப்பில் இருந்த மிளகாய் என்ன மிளகாய் என்பதை அக்காவிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப இதுல இருக்கறதெல்லாம் நான்தானா" என்று கேட்டாள். பிறகு, "நல்லா பாத்துக்கோடா என்னை" என்றாள்.

அவன் பார்த்துக்கொண்டான். அந்த ஒரு மாதத்தில் தொம்மலூரில் அவனைவிட ஒழுங்காக நாற்று வளர்த்தவர் யாரும் இல்லை. மேலே ஊற்றுவதை நிறுத்தி, தட்டுக்கு அடியில் தண்ணீர் வைத்து வேரே உறிஞ்சிக்கொள்ள விட்டான். தண்டு உறுதிப்பட டேபிள் ஃபேனை ஓரமாக ஓட விட்டான். பூஞ்சை வராமல் லவங்கப்பட்டைத் தூள் தூவினான். விளக்கை நாற்றின் தலைக்குச் சற்று மேலேயே தொங்கவிட்டு, அவை வளர வளரத் தூக்கிக் கட்டினான். வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே பார்ப்பதாக மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினான். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. ஆனால் ஒன்றும் தேறவும் இல்லை. ஒரு குழிக்கு நாலைந்து வேர் என்பது நாலைந்து பேர் ஒரு தட்டில் சாப்பிடுகிற மாதிரி. இலைகள் மஞ்சளாகின, தண்டுகள் நெட்டையாக மெலிந்தன. ஜானகியும் அதே மாதிரி மஞ்சளாகி மெலிந்தாள். படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். நெருக்கத்தைக் குறைக்க வேண்டும், ஒரு குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை வெட்ட வேண்டும் என்றுதான் செடி வளர்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எதில் எது இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

நடுக் குழியில் மட்டும் ஒரு நாற்று மற்றதையெல்லாம் மீறி வளர்ந்தது. கரும்பச்சை இலை, பென்சில் மாதிரித் தண்டு, பூச்சி இல்லை, புள்ளி இல்லை. அதன் இலை விரிந்து சுற்றியிருந்த எல்லாவற்றின் மேலும் நிழல் போட்டது. ஃபேன் காற்றும் அதைத் தாண்டிப் போகவில்லை.

ஹரிஷ் போனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் கோமளம் ரயிலேறி கண்டோன்மென்ட்டில் வந்து இறங்கினாள். மகளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மகனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"சுத்துனத எரிக்காம நட்டு வெச்சிருக்கியே, நீயெல்லாம் படிச்சவனா?"

"நெருப்பே இல்லம்மா இந்த ஊர்ல."

"என்னைக் கேட்டிருந்தா ஒரு பெட்டி நெறைய பார்சல்ல அனுப்பியிருப்பேனேடா."

பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். இதில் ஒன்று கண். மீதியெல்லாம் பெண். கண்தான் கொழுக்கும்; அடுத்தவர் வயிற்றெரிச்சலைத் தின்று வளர்வது அதுதானே. நடுவில் நிற்கிறதே வாட்டசாட்டமாக, அதை வெட்டி எரித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

மெர்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அந்தத் தண்டைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது ஆன்ட்டி. ஆனா நல்லா இருக்கறத வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. திரும்ப ஒட்ட முடியாது" என்றாள். யோசித்தார்கள். யோசித்துக்கொண்டிருந்த இரண்டு நாளில் ஜானகி தண்ணீர் விழுங்கவும் கஷ்டப்பட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவளே முடிவெடுத்தாள். சுவரில் சாய்த்து உட்கார வைக்கச் சொன்னாள். எல்லா நாற்றும் அவளைப் பார்த்து நின்றன, நடுவில் இருந்ததுதான் அதிகமாகச் சாய்ந்திருந்தது.

"நீயே வெட்டுடா. என்னால கத்தரிக்கோலத் தூக்க முடியல."

"எது போகும்னு தெரியலையேக்கா."

"எது போனா என்னடா. நீ இருக்க இல்ல? ஒண்ணொண்ணா சொல்லிக் குடு. உனக்கு ஏபிசிடி சொல்லிக் குடுத்தேன் இல்ல, அதே மாதிரி. என்னை மாதிரி அடிக்காம சொல்லிக் குடு, அவ்ளோதான்."

பிடுங்கினால் பக்கத்து வேர் அறும் என்பதால், கத்தரிக்கோலை நார் மட்டத்தில் வைத்து வெட்டினான். கெட்டியான தண்டு, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. வெட்டிய இடத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று கசிந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் முகம் தெளிவாக இருந்தது. பல வாரத்துக்குப் பிறகு கண்ணில் ஒளி இருந்தது. துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "யாரும்மா இவரு?" என்று கேட்டாள்.

கோமளம் அந்த நாற்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். குடியாத்தத்திலிருந்து கொண்டுவந்த தீக்குச்சியைக் கிழித்துக் காகிதத்தில் வைத்து எரித்தாள். சுற்றிப் போட்டது எரியும்போது நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருந்தது, அது போய்விட்டது என்று கணக்கு. நெடி வந்தால் அதில் கண் இல்லை. பூவும் பிஞ்சும் வைக்காத அந்தப் பச்சை நாற்று எரிந்தபோது வந்த நெடியில் கோயில் சந்து முழுக்க இருமியது. காந்தாம்மா கதவைச் சாத்திக்கொண்டு இருமினார். இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். பொழுது சாயும் வரை அது அடங்கவில்லை. இருமாதவள் ஜானகி ஒருத்திதான். அவளுக்கு மூக்கு ஏற்கெனவே இல்லை. கோமளம் மாடியிலேயே உட்கார்ந்து, இருமிக்கொண்டே அழுதாள்.

மறைத்துக்கொண்டிருந்தது போனதும் மற்ற நாற்றுகளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்தன. ஒரு வாரத்தில் பச்சை ஏறியது. ஜானகியும் எழுந்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். பழையபடி வாய் பேசினாள், எல்லாரையும் கிண்டல் பண்ணினாள். குடியாத்தத்து வீடு, அப்பாவின் சாவு, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் நினைவிருந்தது. அவற்றிலெல்லாம் ஒரு தம்பி மட்டும் இல்லை. ஹரிஷ் முதல் சில நாட்கள் அவள் கேட்டுக்கொண்டபடியே ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தான். அம்மா ரேஷன் கார்டைக் காட்டினாள், ஸ்கூல் போட்டோவைக் காட்டினாள். ஜானகி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்களப் பாத்தா ஒண்ணும் தோணல" என்றாள். அதைச் சொல்லும்போது அவன் முகம் மாறியதைக் கவனித்து, ரொம்பவும் வருத்தப்பட்டாள். தெரியாதவர் முகம் வாடினால் எவ்வளவு வருத்தப்படுவோமோ அவ்வளவு.

அறியாத ஆண் ஒருவரோடு ஒற்றை அறையில் தங்க முடியாது என்பதை அவள் சொல்லாமலே எல்லாரும் புரிந்துகொண்டார்கள். நீலசந்திராவில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்தார்கள். கோமளம் ஊருக்குத் திரும்பிப் போனாள். இப்போதும் போனில் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறாள். செடிகளை விடுதிக்குக் கொண்டுபோக முடியாது, அங்கே ஜன்னல் இல்லை. ஹரிஷ் அவற்றைப் பெயின்ட் வாளிகளில் மாற்றி வைத்தான். முதலில் காலை வெயிலில் கொஞ்ச நேரம், பிறகு கொஞ்சம் கூட என்று வெளியே பழக்கினான். ஹைதராபாத்தில் நல்ல வேலை ஒன்று வந்ததை விட்டுவிட்டான். தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை, தண்ணீர் வைக்க ஆள் இல்லை. வெட்டியதில் கண்ணும் இருந்ததா, இல்லை மீதியில் எதிலாவது இன்னும் இருக்கிறதா என்று தொம்மலூரில் இரண்டு கட்சி உண்டு. காந்தாம்மா, அவள் நன்றாக இருக்கிறாள் அல்லவா, பிறகென்ன என்கிற கட்சி. ஹரிஷ் எந்தக் கட்சியிலும் இல்லை. வாளிகள் அதிகமாக இருப்பதால் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும் என்று காந்தாம்மா ஒரு தடவை சொன்னார், அத்தோடு விட்டுவிட்டார்.

ஜானகி ஞாயிற்றுக்கிழமைகளில் மிளகாய் பறிக்க வருகிறாள். தன் உயிர் இந்த வாளிகளில் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் நம்புகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியிலேயே நின்று, "வீட்ல யாராவது இருக்காங்களாங்க?" என்று கேட்பாள். முதல் இரண்டு தடவை அவன் தனியாக இருந்ததால், பறித்ததைக் கவரில் போட்டு வாசலிலேயே கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு அப்படியே போய்விட்டாள். இப்போது அவன் காலையிலேயே கீழே போய் மெர்சியை அழைத்து வந்துவிடுகிறான். மெர்சி கட்டிலில் உட்கார்ந்து, ஒரு முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்த பிறகுதான் அக்கா உள்ளே வருவாள்.